முன்னோரைத் தேடித் தருகிறோம் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை: 28,500 ரூபாய் போச்சு

ஆத்திரத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மதியம்தான் வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்தார்கள். 28,500 ரூபாய் போயே போச்சு.

கடல் கடந்து போன முன்னோர்களைப் பழைய ஆவணங்களில் தேடிக் கொடுப்பதாக விளம்பரம் செய்யும் ஓர் ஆன்லைன் சேவை. பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்கிறார்.

என் தாத்தாவின் அண்ணன் முனுசாமி, குடியாத்தம் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். கரும்புத் தோட்டத்தில் இருக்கிறேன் என்று ஒரே ஒரு கடிதம் வந்ததாம், அதோடு சரி. அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. பெரியப்பாவுக்குப் பிள்ளைகுட்டி இருந்ததா, அங்கே நம்ம ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டபடியே இருப்பார்.

வீடியோ காலில் வந்தவன் அவ்வளவு பணிவாகப் பேசினான். "அம்மா, உங்க பெரியப்பா பேரு கிடைச்சிடுச்சு" என்று ஒரு பக்கத்தைக் காட்டினான். பழுப்பேறிய தாள், கட்டம் கட்டமாகக் கோடு, சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து. அதில் ஒரு வரியை மட்டும் பெரிதாக்கி, வட ஆற்காடு ஜில்லா என்று விரல் வைத்துப் படித்தான். அத்தை போன் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கப்புறம் பேரம் பேச யாருக்கு மனசு வரும்? முன்பணம் 8,500 ஏற்கெனவே கட்டியிருந்தேன். மீதி 20,000 அன்று சாயங்காலமே போனது.

வந்தது ஒரு பிடிஎஃப். முதல் பக்கம் முழுக்க ஆலமரப் படம் (இதற்குத்தான் காசு போல). உள்ளே, 'முனுசாமி 1913-ல் டர்பனில் வந்து இறங்கினார்' என்று இருக்கிறது. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதே 1911-ல் நின்றுவிட்டது! 1860-ல் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பலில் தொடங்கி அதுவரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். 1913-ல் இவரை எந்தக் கப்பலில் ஏற்றினார்களோ!

அங்கே போய் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். விடாமல் கேட்டு அந்த எண்ணை வாங்கினேன். அக்கா மகன் பட்டியலில் போட்டுப் பார்த்தான். வந்தது ஒரு பெண்ணின் பெயர், விசாகப்பட்டினம் ஜில்லா.

கேட்டால், "பழைய ரெக்கார்டு சார், ஸ்பெல்லிங் மாறும்." முனுசாமி மூன்சாமி ஆனதை ஒத்துக்கொள்கிறேன், ஆண் பெண் ஆவது எந்த ஸ்பெல்லிங்? அப்புறம் "டீம் பார்த்துட்டிருக்காங்க", அப்புறம் "டர்பன் ஆவணக் காப்பகம் லீவு". கடைசியில், ஆராய்ச்சிக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்று ஒரு வரி. 28,500 ரூபாய்க்கு ரசீதுகூட ஒழுங்காக இல்லை. அத்தையோ நேட்டால் பேரப்பிள்ளைகளின் போட்டோ எப்போது வரும் என்று கேட்கிறார். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

தேடுவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியாது. அவசரத்துக்கு இவை மட்டும்: நேட்டால் கப்பல் பட்டியல்களை க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் கணினியில் ஏற்றியிருக்கிறது. காசு கொடுக்கும் முன் அதைப் பாருங்கள். ஒரு வரியை மட்டும் பெரிதாக்கிக் காட்டினால் முழுப் பக்கத்தையும் காலனி எண்ணையும் கேளுங்கள். அப்பா பெயரும் ஊரும் பொருந்தாவிட்டால் அது வேறு ஆள், முனுசாமிகள் அந்தப் பட்டியலில் ஏராளம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு போன் போடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நானும் போட்டிருக்கிறேன், புகார் எண் வந்திருக்கிறது. இதே ஆலமர பிடிஎஃப் வேறு யாருக்காவது வந்திருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.