பிடியாணைக்குப் பின்: தாமாக முன்னிலையாவதா, பொலிஸார் பிடிக்கும்வரை இருப்பதா?

திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் தவணைக்குச் செல்லாததால் பிடியாணைக்குள்ளான ஒருவர், சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (வழக்கை அழைக்குமாறு நீதிமன்றைக் கோரும் மனு) தாக்கல் செய்து வழக்கை அழைப்பித்துத் தாமாகவே முன்னிலையானால், தவறவிட்ட தவணை நாளில் வைத்தியசாலையில் இருந்ததைக் காட்டும் நோய் நிர்ணய அட்டையைக் கையளித்து, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழுடன் பின்வரிசை வாங்கில் காத்திருக்கும் பிணையாளிகளையும் காட்டி, பிடியாணையை மீளப்பெறுமாறு கேட்கலாம். (கசங்கிய மருந்துத் துண்டு ஒன்றே போதுமென நம்பி வருவோரும் உண்டு.)

நிலாவெளி வீதியில் பொலிஸார் மறித்துப் பிடித்து முற்படுத்தினாலோ, அதே காரணம் சாக்குப்போக்காகவே தோன்றக்கூடும். பிணையாளியைத் தேட அவகாசமிராது, விளக்கமறியலும் நேரலாம்.

1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம், சந்தேகநபர் விசாரணைக்குத் தோன்றமாட்டார் என நம்பக் காரணமிருந்தால் பிணையை மறுக்க இடமளிப்பதாலும், தவறவிட்ட தவணையே அந்த ஐயத்துக்கு வித்திடுவதாலும், முதல் வழியே மேல் என்பேன். ஆயினும் அதிலும் பிணை உறுதியல்ல.