வில்கோலினெட்ஸ், சிச்மனி, ஜ்தியார்: எந்த மலைக்கிராமத்துக்குப் போகலாம்?

ஸ்லோவாக்கியாவில் மரவீட்டுக் கிராமம் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் இந்த மூன்று பெயர்கள்தான் காதில் விழும். படத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் வில்கோலினெட்ஸ் ஜெயித்துவிடும். எனக்கு ஓர் ஊரின் வீடுகளைவிட அதில் யார் குடியிருக்கிறார்கள் என்பது முக்கியம். அப்படிப் பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடுகிறது.

வில்கோலினெட்ஸ் 718 மீட்டர் உயரத்தில், 1,099 மீட்டர் சிடொரோவோ மலையின் சரிவில் இருக்கிறது. 1376-இலேயே ஆவணத்தில் பெயர் வந்துவிட்ட ஊர். சுமார் 45 மரவீடுகள், 1770-இல் கட்டிய மர மணிக்கூண்டு, வீடுகளுக்குப் பின்னால் சரிவில் ஏறும் நீள நீளமான வயல் துண்டுகள் எல்லாம் சேர்ந்து 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் வாங்கிக் கொடுத்தன. சாலை இங்கேயே முடிந்துவிடும், தாண்டிப் போக ஊர் இல்லை. வெளியுலகம் உள்ளே வராததால் வீடுகள் அப்படியே நின்றன. பிழைப்புக்கு வழியில்லாததால் மனிதர்கள் கீழே இறங்கிவிட்டார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இன்று சில பத்துப் பேரைத் தாண்ட மாட்டார்கள். நிர்வாகத்தில் இது தனிக் கிராமம்கூட இல்லை, கீழே இருக்கும் ருஜோம்பெரோக் நகரத்தின் ஒரு பகுதி. ஊருக்குள் போக நுழைவுக் கட்டணம் உண்டு. போகிறவர்கள் தயவுசெய்து சன்னல் வழியே எட்டிப் பார்க்காதீர்கள், சில வீடுகளில் இன்னும் ஆட்கள் வாழ்கிறார்கள்.

சிச்மனி ஜிலினா நகரத்துக்குத் தெற்கே, ஸ்ட்ராஜோவ் மலைகளுக்கு நடுவே ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. கறுத்த மரச்சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பால் போட்ட கோலங்கள்தான் இதன் பெருமை. மரத்தைக் காக்கப் பூசிய சுண்ணாம்பு மெல்ல அலங்காரமாக வளர்ந்தது என்கிறார்கள். 1921-இல் பெரிய தீ விபத்து நடந்தது. எரிந்த வீடுகளைப் பழைய பாணியிலேயே திரும்பக் கட்டினார்கள். செங்கல்லுக்கு மாறாத அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். மக்கள்தொகை இருநூறுக்கும் கீழே. ஒரு காலத்தில் ஒரே கூரையின் கீழ் பெரிய கூட்டுக்குடும்பங்கள் வாழ்ந்த ஊர் இது.

சரி, ஜ்தியார்? சுமார் 900 மீட்டர் உயரம். ஒரு பக்கம் பெலியான்ஸ்கே டாட்ரா மலைத்தொடர், மறுபக்கம் ஸ்பிஷ்ஸ்கா மகுரா மலைத்தொடர், நடுவில் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கும் ஊர். இங்கே 1,300 பேருக்கு மேல் வாழ்கிறார்கள், பெரும்பாலும் கோரல் எனும் மலைவாழ் மக்கள். காரணம் நிலப்பரப்பிலேயே இருக்கிறது: போலந்து எல்லைக்குப் போகும் சாலை ஊர் வழியாகப் போகிறது, சரிவுகளில் பனிச்சறுக்கு நடக்கிறது, குளிர்காலத்திலும் வேலை கிடைக்கிறது. அதனால் புதிய விடுதிகள் முளைத்து, பழைய மரவீடுகள் அவற்றுக்கு இடையில் சிதறிக் கிடக்கின்றன. கட்டடக்கலை ரசிகருக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை, ஏனென்றால் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற ஊர் இது.

அரை நாள்தான் இருக்கிறது, புகைப்படம் வேண்டும் என்றால் வில்கோலினெட்ஸ். கைவேலை நுணுக்கம் பிடிக்கும் என்றால் சிச்மனி. அங்கே ராடென் வீட்டு அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். இரவு தங்கி, காலையில் மலையேறி, ஊர்க்காரர்களோடு நாலு வார்த்தை பேச ஆசை என்றால் போப்ராட் நகரத்தில் பேருந்து பிடித்து ஜ்தியாருக்குப் போங்கள்.