கல்லாவுல நின்னுகினு படிச்ச ஜப்பான் கதை

சயாகா முராட்டா எழுதுன 'கன்வீனியன்ஸ் ஸ்டோர் உமன்', இங்கிலீஷ் பேப்பர்பேக். ஆன்லைன்ல முன்னூத்தி சொச்சம் ரூபா, காட்பாடிக்கு வர அஞ்சு நாள் ஆச்சு, பார்சல்ல வெறும் பிளாஸ்டிக் கவர் மட்டும் சுத்தி அனுப்பிட்டாங்க, அட்டை மூலை மடங்கி வந்துச்சு. திருப்பி அனுப்பலாம்னு பார்த்தா முதல் பக்கத்தையே படிக்க ஆரம்பிச்சுட்டேன், அப்புறம் எங்க திருப்பறது. அதனால பேக்கிங்குக்கு ஒரு ஸ்டார், புக்குக்கு நாலு.

என்னப் பத்தி ஒரு வரி சொல்லிடறேன், இல்லன்னா இந்த ரிவ்யூ புரியாது. வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு டிபார்ட்மென்டல் ஸ்டோர்ல 11 வருஷமா பில்லிங்ல இருக்கேன். பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சுட்டு "வேற வேலை கிடைக்கிற வரைக்கும்"னு சேர்ந்தது. கதைல வர்ற கெய்கோவும் அப்படித்தான், காலேஜ் படிக்கறப்ப பார்ட் டைமா ஸ்மைல் மார்ட்ங்கற கடைல சேர்ந்தவ, 18 வருஷம் கழிச்சு 36 வயசுலயும் அதே கடைல அதே பார்ட் டைம். மேனேஜர் மட்டும் எட்டாவது ஆள்.

முதல் பக்கத்துல என்னைப் பிடிச்சது இன்னான்னா, சத்தம். கஸ்டமர் பாக்கெட்ல சில்லற குலுங்கற சத்தத்த வெச்சே இவர் சிகரெட்டோ பேப்பரோ வாங்கத்தான் வந்திருக்காருன்னு அவ கண்டுபிடிச்சிடுவா, அவர் கேக்கறதுக்கு முன்னாடியே கை அந்தப் பக்கம் போயிடும். இத வெளில இருந்து பார்த்து எழுத முடியாதுங்க. எங்க கடைல கூட ஒருத்தர் கையில மடிச்ச ஆஸ்பத்திரி ஃபைலோட உள்ள வந்து மேல்தட்டையே தேடுனா அது கடுகு எண்ணெய்க்குத்தான்னு எனக்குத் தெரியும், கொல்கத்தால இருந்து வந்து மாசக்கணக்குல லாட்ஜ்ல தங்கி சமைச்சுக்கறவங்க, அவங்ககிட்ட "தாதா, குச்ரோ ஆச்சே?"ன்னு சில்லற கேக்கற அளவுக்கு பெங்காலி வந்துடுச்சு. வேற ஒரு வாக்கியமும் தெரியாது.

அப்புறம் தேடிப் பார்த்தா முராட்டாவும் நம்ம ஜாதிதான், அதாவது கடை ஜாதி. 1979-ல சீபா மாநிலத்துல இன்சாய்ங்கற ஊர்ல பொறந்தவங்க. காலேஜ் நாள்லயே இந்த மாதிரி கடைல பார்ட் டைம் வேலைக்குப் போனவங்க, கொன்பினின்னு சொல்றாங்க அங்க, நாள் பூரா தொறந்திருக்கற கடை, சோத்து உருண்டைல இருந்து சாக்ஸ் வரைக்கும் எல்லாம் கிடைக்கும். 2003-ல முதல் கதைக்கே குன்ஸோங்கற பத்திரிகையோட புது எழுத்தாளர் பரிசு, 2009-ல நோமா புது எழுத்தாளர் பரிசு, 2013-ல மிஷிமா பரிசு, இவ்ளோ வாங்கியும் கல்லாவ விடல. 2016-ல இந்த நாவலுக்கு அகுதாகாவா பரிசு, அங்க ரொம்ப மதிப்பான பரிசு அது, ஒரு பாக்கெட் கடிகாரமும் பத்து லட்சம் யென்னும் தருவாங்க. அது அறிவிச்ச அன்னிக்கும் காலைல ஷிஃப்ட் பார்த்துட்டுத்தான் வந்தாங்களாம். ராத்திரி 2 மணிக்கு எழுந்து எழுதுறது, அப்புறம் 8 மணில இருந்து 1 மணி வரைக்கும் கடை, அப்புறம் மறுபடி எழுத்துன்னு வாழ்ந்திருக்காங்க. ரெண்டு மணிக்கு எழுந்திருக்கறதெல்லாம் நமக்கு ஆகாது சாமி, நான் வீட்டுக்குப் போய் சோறு போட்டுக்கறதே பத்து மணிக்கு. ஜப்பான்ல மட்டும் பத்து லட்சம் காப்பிக்கு மேல வித்திருக்கு. இங்கிலீஷ்ல ஜின்னி டேப்லி டாகெமோரி மொழிபெயர்த்து 2018-ல வந்துச்சு, சின்னச் சின்ன வாக்கியம், டிக்‌ஷனரி பக்கத்துல வேணாம்.

கதைல பெருசா ஒண்ணும் நடக்காது. கெய்கோ சின்னப் பொண்ணா இருக்கறப்ப பார்க்ல ஒரு குருவி செத்துக் கிடக்கும், மத்த பசங்கல்லாம் அழுதுகினு பூ பறிச்சு வெக்க, இவ மட்டும் அம்மாகிட்ட கொண்டு போய் இத சுட்டு சாப்பிடலாமா, அப்பாக்கு பிடிக்குமேம்பா. தப்பா எதுவும் நினைச்சு கேக்கல, நிஜமாத்தான் கேக்கறா. சிரிச்சுட்டேன், அப்புறம் கொஞ்சம் பயந்தும்தான் போனேன். இப்படிப்பட்டவளுக்கு கடைல ஒரு ரூல் புக் கிடைக்குது, எப்படி சிரிக்கணும், எந்தக் குரல்ல வணக்கம் சொல்லணும்னு எல்லாம் அதுல இருக்கு. கூட வேலை செய்றவங்க பேசற மாதிரியே பேசி அவங்க வாங்கற கடைலயே துணி வாங்கி ஒரு மாதிரி மனுஷியா ஓட்டறா. ஃப்ரெண்டுங்கல்லாம் கூடி இன்னும் ஏன் கல்யாணம் ஆகல, ஏன் நல்ல வேலைக்குப் போகலன்னு கேக்கறப்ப உடம்பு சரியில்லன்னு சொல்லிடுன்னு தங்கச்சிதான் சாக்கு சொல்லிக் குடுக்கும். இத நான் லஞ்ச் டைம்ல குடோன் மூட்டை மேல உக்காந்து படிச்சேன், அன்னிக்குக் காலைலதான் ரெகுலரா வர்ற ஒரு அம்மா பில் போடறப்பவே "இன்னாம்மா, இன்னும் கழுத்துல ஏறலியா"ன்னு கேட்டுட்டுப் போயிருந்தாங்க. எனக்கு சாக்கு சொல்லிக் குடுக்க தங்கச்சியும் இல்ல.

குறைன்னா ஷிராஹான்னு ஒருத்தன் வருவான். வேலையும் செய்ய மாட்டான், கற்காலத்துல இருந்து ஒண்ணுமே மாறலன்னு லெக்சர் மட்டும் அடிப்பான், அதையே நாலு தடவ சொல்றான். அவன அப்படித்தான் வெறுக்கணும்னு எழுதியிருக்காங்க, புரியுது, ஆனா பாதிக்கு மேல அவன் வாயத் தொறந்தாலே பக்கத்த தள்ளிட்டேன். இன்னொண்ணு, அந்தக் கடை ரொம்ப சுத்தம். கடன் நோட்டு கிடையாது, ஒரு ரூபா சில்லறைக்கு பதிலா சாக்லேட் குடுத்து வாங்கிக் கட்டிக்கறது கிடையாது, கல்லால குறைஞ்சா சம்பளத்துல பிடிக்கற பேச்சே காணோம். கால் வலியும் பெருசா இல்ல. கடைங்கள்ல வேலை செய்றவங்களுக்கு உக்கார சீட் போடணும்னு 2021-ல நம்ம தமிழ்நாடு கவர்மென்ட் சட்டத்தத் திருத்துச்சு, எங்க கடைலயும் உடனே ஒரு ஸ்டூல் வந்துச்சு, இப்ப அதுமேல கேரி பேக் கட்டு உக்காந்திருக்கு.

ஆனா தூக்கம் வராத ராத்திரி அந்த வெளிச்சமான கண்ணாடிப் பெட்டிய நினைச்சுக்கறா பாருங்க, கடை இப்பவும் ஓடிகினுதான் இருக்குன்னு, அந்த இடம் நிஜம். எனக்கும் பார்கோடு மிஷின் பீப் சத்தம் கனவுல வரும். முன்னல்லாம் எரிச்சலா இருக்கும், இந்த புக்குக்கு அப்புறம் எரிச்சல் இல்ல, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல.

இவங்களோட 'எர்த்லிங்ஸ்' வாங்கறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அட்டைல முள்ளம்பன்றி பொம்மை க்யூட்டா இருக்குன்னு குழந்தைங்களுக்கு வாங்கிடாதீங்க. உள்ள சின்னப் பொண்ணுக்கு நடக்கற கொடுமை, மனுஷக் கறி, எல்லாம் வரும். நான் பாதில மூடி வெச்சு ஒரு வாரம் கழிச்சுத்தான் முடிச்சேன். முதல்ல கடைக் கதையப் படிங்க, நூத்தி அறுவது பக்கம்தான், நாலு லஞ்ச் பிரேக்ல முடிஞ்சுடும்.

எங்க கடைல காய்கறி எடை போடற அக்காவுக்கு இங்கிலீஷ் வராது, அதனால ஸ்டாக் எடுக்கற அன்னிக்கு முழுக் கதையும் நான் சொன்னேன். இலவம்பாடி கத்திரிக்காயப் பொறுக்கிகினே முள்ளு குத்தக் குத்த கேட்டுகினு இருந்தாங்க. குருவிக்கு சிரிச்சாங்க, ஷிராஹாவ திட்டுனாங்க. எல்லாம் முடிஞ்சதும் கேட்டாங்க: "சரி, பதினெட்டு வருஷம் ஆச்சே, கடைசில அந்தப் பொண்ண பர்மனென்ட் பண்ணாங்களா இல்லியா?"