எலிவானா, வி வடிவ வாலா?

கேழ்வரகு அறுத்த கொல்லையில் மாடல் விமானம் விடும் கிருஷ்ணகிரி பக்கத்துப் பசங்களுக்கு முதலில் வரும் குழப்பம் இது. இரண்டிலும் விளிம்பில் அசையும் ஒரே தகடு இரண்டு வேலை பார்க்கும்.

எலிவான் வாலில்லாத இறக்கைக்கு: மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும், விமானத்தைச் சாய்க்கும் ஏலெரானும் ஒரே தகட்டில். ஸ்டிக்கை இழுத்தால் இரு பக்கத் தகடும் மேலே எழும், மூக்கு தூக்கும். வலப்பக்கம் தள்ளினால் வலது மேலே, இடது கீழே. கான்கார்டு பயணிகள் விமானத்தில் இப்படி 6 தகடுகள் இருந்தன. தேஜஸ் போர் விமானமும் இதே வழிதான். தகட்டை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோ இரண்டே போதும். ஆனால் வால் இல்லாததால் எடை மையத்திலிருந்து தகடு நெம்பும் தூரம் குறைவு. ஒரு மீட்டர் தெர்மகோல் இறக்கையில் பேட்டரி 5 மி.மீ. பின்னால் நழுவினாலே மூக்கு ஆட்டம் காட்டும். நடுநிலையிலேயே இரண்டையும் 2 மி.மீ. மேலே வையுங்கள். ரிமோட்டில் இரண்டு வேலையையும் கலக்கும் மிக்ஸில் எலிவேட்டருக்கே 100 சதவீதம் கொடுத்துவிடாதீர்கள். முழுக்க இழுத்த நேரத்தில் திருப்பினால், ஏற்கெனவே எல்லையில் நிற்கும் தகடு இன்னும் எழாது; மற்றது மட்டும் இறங்கும், திருப்பம் பாதிதான். 50-60 போதும்.

வி வாலில் எலிவேட்டரும், மூக்கை இடம் வலம் திருப்பும் ரடரும் சேர்ந்திருக்கும். வலது ரடர் கொடுத்தால், பின்னாலிருந்து பார்க்க இரு தகட்டின் விளிம்பும் வலப்பக்கம் போகணும்: வலது கீழே, இடது மேலே. அந்த விசை உடம்புக்கு மேலே விழுவதால் விமானம் கொஞ்சம் இடப்பக்கம் சாயும். ஆகவே இறக்கையில் ஏலெரானும் வேண்டும், சர்வோ நான்காகிவிடும். வால் உயரத்தில் நிற்பதால் அறுத்த தட்டையில் சிக்காது என்பது பெரிய லாபம்.

புதுசாகக் கற்பவருக்கு எலிவான்; கேமரா தூக்க வி வால். ஓசூர் ஓடுதளம் பக்கம் மட்டும் எதையும் விடாதீர்கள்.