ஓ.வி. ரைட் தொகுப்பு சிடி: குரலுக்கு முழு மதிப்பெண், தயாரிப்புக்கு இல்லை

அமெரிக்க சோல் இசைப் பாடகர் ஓ.வி. ரைட்டின் பழைய ஆல்பங்களை ரொம்ப நாளாகத் தேடி, கிடைக்காமல், கடைசியில் கண்ணில் பட்ட ஒரு தொகுப்பு சிடியை வாங்கினேன். வெளியிட்டவர்கள் யார் என்பது இருக்கட்டும். உள்ளே ஒரே ஒரு மடித்த தாள், அதில் பாட்டுப் பெயர்கள் மட்டும். எந்த வருடம் பதிவானது, யார் வாசித்தது, எதுவும் கிடையாது. மெம்ஃபிஸில் வில்லி மிட்செல் தயாரித்த பாட்டுகள் இதில் பாதிக்கு மேல் இருக்கின்றன, சோல் பாடகர் அல் கிரீனுக்கு வாசித்த அதே குழுதான் பின்னால் வாசிக்கிறது, அதை ஒரு வரி அச்சடிக்கக்கூடவா மனசில்லை?

சரி, சத்தத்துக்கு வருவோம். 1971-இல் வந்த ‘எ நிக்கல் அண்ட் எ நெயில்’ பாட்டை ஹெட்போனில் கேட்டேன். பையில் மிச்சம் ஓர் ஐந்து சென்ட் நாணயமும் ஓர் ஆணியும்தான் என்று பாடுகிற பாட்டு. காஸ்பல் என்கிற தேவாலயப் பாட்டு பாடிப் பழகிய தொண்டை அவருக்கு, வரி முடிகிற இடத்தில் குரல் கரகரத்து உடையும், உயிரே அங்கேதான் இருக்கிறது. இந்த சிடியில் இரைச்சலை எடுக்கிறேன் பேர்வழி என்று அந்தக் கரகரப்பையும் வழித்துப்போட்டுவிட்டார்கள். அப்புறம் வேறு மூன்று பாட்டில் ஊசி உரசும் சத்தம் அப்படியே கேட்கிறது. மூல டேப்பைத் தேடாமல் யாரோ வைத்திருந்த இசைத்தட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள், வேறென்ன.

இவர் பாடிய பேக் பீட் என்ற இசைத்தட்டு லேபிளை அதன் முதலாளி டான் ரோபி 1973-இல் ஏபிசி என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்றார், 1979-இல் அது எம்சிஏ என்ற இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுத்த வருடமே ரைட் இறந்துபோனார், வயது 41. கை மாறும்போது எல்லோருக்கும் வேண்டியது விற்கிற நாலு பாட்டுதான், மீதி கிடங்கில் தூங்கும். இன்னொரு சோல் பாடகி பெட்டி லவெட் 1972-இல் அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் பாடிய முழு ஆல்பத்தையே லேபிள் முடக்கிவைத்தது, 2000-இல் ஒரு பிரெஞ்சு ரசிகர் முயற்சி எடுத்த பிறகுதான் அது வெளியே வந்தது. பழைய பாட்டுகளை மறுவெளியீடு செய்யும் இங்கிலாந்தின் ஏஸ், கென்ட் லேபிள்களின் வெளியீடுகளை எடுத்துப் பாருங்கள், கையேட்டில் பதிவு விவரம், படம், கட்டுரை என்று எல்லாம் இருக்கும். செய்ய முடியாத வேலை இல்லை இது.

ரைட்டை இதுவரை கேட்டதே இல்லை என்றால் இந்த சிடியில் ஆரம்பிக்காதீர்கள். பழைய இசைத்தட்டு தேய்ந்துபோய்க் கிடைத்தாலும் அதையே வாங்குங்கள், அதில் அந்தக் கரகரப்பாவது மிச்சம் இருக்கும்.