மனக்காயத்துக்கு எது பொருந்தும்: வகுத்த முறையா, ஒருங்கிணைந்த முறையா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கவுன்சலிங் பயிற்சியில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, பல சிகிச்சைகளிலிருந்து எடுத்துச் சேர்க்கும் ஒருங்கிணைந்த முறையைத்தான். எதிரே நிற்கும், படிகள் முன்பே வகுக்கப்பட்ட முறையும் லேசுப்பட்டதல்ல. அதற்கு உதாரணம், உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த ‘புரோலாங்டு எக்ஸ்போஷர்’. அது பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகளில் முடியும். ஒவ்வொன்றும் 90 நிமிடம் வரை. நடந்ததை, இப்போது நடப்பதுபோல் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, அந்த நினைவின் மேலுள்ள பயம் தணிகிறது. ஆராய்ச்சிச் சான்றும் இதற்கே கூடுதல். படிகள் தெளிவாக இருப்பதால் புதியவர் தடுமாறுவதும் குறைவு.

ஆனால் இதில் பாதி வேலை வீட்டில் நடக்கிறது. அமர்வில் சொன்னதைப் பதிவு செய்து, வந்தவர் அதைத் தினமும் போட்டுக் கேட்க வேண்டும். முற்றத்தைச் சுற்றி அறைகள், ஒரே வளவில் மூன்று புள்ளிகள் (தனித்தனிக் குடும்பங்கள்) என்றிருக்கும் வீட்டில் ஒரு பெண் எங்கே உட்கார்ந்து கேட்பார்? ஹெட்போன் சத்தத்தை மறைக்கும். அழுத முகத்தை மறைக்காது. காயப்படுத்தியவரே அந்த வீட்டில் இருந்தால், பதிவுள்ள போன் கைமாறுவதே ஆபத்து. வீட்டுப்பாடம் நின்றுபோனால் கிளறிய நினைவு ஆறாமல் கிடக்கும். அடுத்த வாரம் ஆள் வரமாட்டார்.

ஒருங்கிணைந்த முறை அந்த இடைப்பட்ட ஏழு நாளை மனதில் வைத்தே தொடங்குகிறது. அடித்தளம், உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வலியுறுத்திய, தீர்ப்பு சொல்லாத கேட்டல். அதன்மேல் ‘என் தப்புதான்’ போன்ற எண்ணங்களைச் சோதிக்கும் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை) பயிற்சிகள். வரிசை, மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதியது: பாதுகாப்பு, நினைவும் துக்கமும், மீண்டும் உறவுகளோடு இணைதல். 50 நிமிட அமர்வென்றால் முதல் 10 நிமிடம் போன வாரத்துக்கு, அடுத்த 25 கனமான பேச்சுக்கு, கடைசி 15 அமைதிப்படுத்துவதற்கு. பேச்சு சூடுபிடித்துவிட்டது என்று அந்தப் பதினைந்தைத் தின்றுவிடுவதுதான் பயிற்சி மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை. வந்தவர் நடுங்கிக்கொண்டே பஸ் ஏறுவார்.

துணைக்கு வந்த மாமியாரைத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பேசி, பிறகு திண்ணைக்கு அனுப்பலாம். வந்தவரின் நாற்காலியிலிருந்து கதவு தெரிய வேண்டும். “எவ்வளவு சொல்லணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க ஆச்சி, எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்” என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பதற்றம் ஏறினால் ‘கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள்’ என்பது சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும். கண் திறந்தபடி வெறுங்காலைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த அறையானால் அதன் குளிர்ச்சியையும் பூ வேலையின் நிறங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லவையுங்கள்.

இந்த முறை கெடுவது கதம்பமாகும்போது. ஒன்று பலிக்கவில்லையென்று வாரம் ஒரு உத்திக்குத் தாவினால் எதுவும் ஊன்றாது. பிரச்சினை எதனால் நீடிக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிவைத்து, எந்த உத்தி எதற்காக என்று சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும். பாதுகாப்புக் கட்டத்திலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுவதும் தவறு. அது, நினைவை நேர்கொள்ளாமல் தவிர்ப்பதற்குத் துணைபோவதாகிவிடும். அந்தக் கட்டம் எல்லோருக்கும் தேவையா என்பதில் வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. நான் ‘தேவை’ என்பது இந்த வீட்டமைப்பை வைத்துத்தான். குழந்தைகளுக்கு இதை அப்படியே பொருத்தச் சொல்லமாட்டேன்.

ஒரே ஒரு சாலை விபத்து, தனியறை, ஆதரவான குடும்பம் என்று வருபவருக்கு வகுத்த முறையே மேல். அதில் முறையாகப் பயிற்சி பெற்றவரிடம் அனுப்பிவிடலாம். தற்கொலை எண்ணம் தெரிந்தால் அன்று இரண்டையும் தள்ளிவைத்து, சூப்பர்வைசரை உடனே அழைத்து, மனநல மருத்துவரிடம் துணையோடு அனுப்புங்கள். இரவு நேரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.