ஈறு வெட்டக் கத்தியா, காட்டரியா, லேசரா?

"லேசர்ல பண்ணா வலிக்காதுதானே அக்கா?" தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல் டாக்டருக்கு உதவியாளராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. ஆமாம் என்று தலையாட்டிவிட முடியாது. எந்த லேசர், எதை வெட்டப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. மரத்துப்போகும் ஊசி பெரும்பாலும் லேசருக்கும் உண்டு. மிகச் சின்ன வேலைக்குத்தான் தடவுகிற ஜெல்லோடு முடியும்.

சாதாரண பல் மருத்துவமனைகளில் இருப்பது டயோடு லேசர். அதன் ஒளியின் அலைநீளம் 810 முதல் 980 நானோமீட்டர் வரை. ரத்தத்தின் சிவப்பும் ஈற்றின் கறுப்பு நிறமியும் இந்த ஒளியை நன்றாக உறிஞ்சும், பல்லும் எலும்பும் அவ்வளவாக உறிஞ்சாது. அதனால்தான் சதைக்கு மட்டும் இது. சொத்தையை இதால் குடைய முடியாது. அதற்கு 2,940 நானோமீட்டர் எர்பியம் லேசர் வேண்டும், ஆனால் ரத்தத்தை அடக்குவதில் அது சற்றுப் பின்தங்கும். 10,600 நானோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசரோ சதையில் உள்ள நீரைப் பிடித்துக்கொண்டு, தொடாமலே வேகமாக வெட்டும். விலையும் அதற்கேற்ற மாதிரி.

டயோடில் நோயாளி கவனிக்காத ஒரு காரியம் நடக்கும். வெட்டுவதற்கு முன் டாக்டர் லேசர் ஒளி வரும் மெல்லிய கண்ணாடி இழையின் நுனியை ஒரு தக்கையிலோ, கடி பார்க்கும் நீலத் தாளிலோ தொட்டு லேசரை ஓடவிடுவார். நுனி கறுத்துவிடும். அந்தக் கறுப்பு ஒளியை விழுங்கிப் பழுக்கச் சூடாகும். அப்புறம் ஈற்றை வெட்டுவதில் பெரும்பங்கு அந்தச் சூட்டுக்குத்தான். 'ஒளியால் அறுக்கிறோம்' என்று விளம்பரத்தில் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

அப்படியென்றால் மின்சாரத்தை ஓட்டி அந்தச் சூட்டால் வெட்டும் பழைய காட்டரிக்கும் இதற்கும் என்ன தூரம்? விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை என்பது என் கணிப்பு. காட்டரியும் வெட்டிக்கொண்டே ரத்தத்தை நிறுத்தும். கருவியின் விலை லேசரோடு பார்த்தால் கொஞ்சம்தான். கருகல் வாடை வரும், ஆனால் லேசரிலும் புகை உண்டு, இரண்டுக்கும் உறிஞ்சு குழாயைப் பக்கத்திலேயே பிடித்திருக்க வேண்டும். காட்டரி தோற்கும் இடங்கள் வேறு. அதில் உடம்பு வழியாக மின்சாரம் ஓடுவதால் பேஸ்மேக்கர் வைத்தவர்களிடம் தவிர்ப்பதே நல்லது. எலும்பில் பட்டாலும், எலும்பில் பதித்த செயற்கைப் பல்வேரான இம்ப்ளாண்ட் போன்ற உலோகத்தில் பட்டாலும் ஆபத்து. இந்த இடங்களில் டயோடு லேசர் உண்மையிலேயே ஒரு படி மேல், அதுவும் உலோகத்தை ஒட்டி அதிக நேரம் நிற்காமல் இருந்தால்.

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து ஆயாக்களில் (பாட்டிகளில்) ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்கள் நிறைய. அந்த மாத்திரை சிலருக்கு ஈற்றைப் பல்லின் மேல் பாதி வரை வளர்த்துவிடும். உடனே லேசர் கேட்டு வருவார்கள். வெட்டுவது இங்கே கடைசி வேலை. முதலில் பல்லைச் சுத்தம் செய்து, மாத்திரையை மாற்றலாமா என்று அதை எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்டால், சிலருக்கு வீக்கம் தானாகவே கணிசமாக வடியும். மிஞ்சியதை வெட்டும்போது, அதிலும் ஆயா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால், லேசரோ காட்டரியோ கத்தியைவிட நிம்மதி. அதற்காக எந்த மாத்திரையையும் தாமாகவே நிறுத்திவிட்டு வரக் கூடாது.

ஆனால் பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவரின் கன்னத்தில் வெள்ளைத் திட்டு இருந்தாலோ, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் இருந்தாலோ கத்திதான். பரிசோதனைக்கு அனுப்பும் சதையின் ஓரம் சூட்டில் கருகிவிட்டால், நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு ஓரத்தில் புற்று இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் போகலாம். ஈற்றைத் திறந்து எலும்பு வரை போகும் வேலைக்கும் கத்தியும் தையலும்தான். தைத்த காயம் ஓரத்தோடு ஓரம் சேர்ந்து ஆறும். லேசர் காயம் திறந்தே கிடக்கும். மறுநாள் மேலே வெளுத்த மஞ்சள் படலம் வரும், சீழ் என்று பயந்து போன் செய்வார்கள். அது சீழ் அல்ல, சுரண்டவும் கூடாது.

கறுத்த ஈற்றைச் சிவப்பாக்கித் தரச் சொல்லி, கல்யாணத்துக்கு முன் சிலர் வருவதுண்டு. நம் ஈற்றின் கறுப்பு நோயே இல்லை என்று முதலில் சொல்லிவிடுவேன், கேட்பவர் குறைவு. கத்தி, காட்டரி, லேசர் எதிலும் நிறத்தை எடுக்கலாம், மூன்றிலும் அது திரும்பி வரலாம். ஈறு மெலிதாக இருந்தால் எந்தக் கருவியாக இருந்தாலும் நான் யோசிப்பேன்.

பல்லைச் சுற்றிய ஈறு நோய்க்கு லேசர் மட்டும் போதும் என்றால் நம்ப வேண்டாம். வேர் வரை காரையைச் சுரண்டி எடுப்பதுதான் அங்கே சிகிச்சை, லேசர் கூட வரும் துணை. பச்சைக் குழந்தையின் நாக்கு ஒட்டுதலுக்கு, உண்மையிலேயே தேவைப்பட்டால், கத்தரிக்கோலே நொடியில் முடித்துவிடும்.

காவடிக்கு நாக்கிலோ கன்னத்திலோ வேல் குத்திக்கொள்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாயில் வெட்டிய இடத்தின் மேல்தோல் மூட இரண்டு வாரம்போல ஆகும், உள்ளே உறுதிப்பட அதற்கும் மேல். லேசர் என்பதால் இது குறைந்துவிடாது. தைப்பூசம் நெருங்கும்போது தள்ளிப்போடக்கூடிய எந்த வாய் சிகிச்சையையும் செய்துகொள்ளாதீர்கள்.

செலவு விஷயம் எளிது. கத்தி மலிவு, காட்டரி நடுவில், லேசர் அதிகம். மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) எவ்வளவு தரும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறுவதால், சிகிச்சைக் குறியீட்டோடு மதிப்பீட்டை எழுதி வாங்கி முன்னாலேயே கேட்டுவிடுங்கள். லோட்ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்களில் கத்தி மட்டும் யாரையும் காக்கவைக்கவில்லை. பேட்டரியில் ஓடும் டயோடு இருந்த இடங்களும் தப்பித்தன.

லேசர்தான் என்று முடிவானால், உங்கள் முகத்தில் மாட்டும் கண்ணாடியைப் பாருங்கள். அதன் ஓரத்தில் எந்த நானோமீட்டருக்கு என்று அச்சிட்டிருக்கும். அது கருவியின் எண்ணோடு பொருந்த வேண்டும், டாக்டருக்கும் பக்கத்தில் நிற்கும் எனக்கும் சேர்த்து. வெறும் கறுப்புக் கண்ணாடியை நீட்டினால், "இது எந்த லேசருக்கானது?" என்று கேளுங்கள்.